ஸ்கூட்டரில் இரண்டு எண்ணெய்: இரண்டாவதை மறக்கலாமா?



பலசரக்குக் கடையோ, மொத்த வியாபாரமோ, இன்று நம்மில் பெரும்பாலோரிடம் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் அரிசிச் சிப்பம், பின்னிருக்கையில் எண்ணெய் டின், கைப்பிடியில் இரண்டு பை என்று, வீட்டு உபயோகத்துக்காகச் செய்த வண்டியைப் பார வண்டி போல ஓட்டுகிறோம். அப்படி உழைக்கும் வண்டிக்குள் இரண்டு வகை எண்ணெய் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கு 2024 ஏப்ரல் வரை தெரியாது. தெரிந்துகொண்ட விதத்தையும், அந்த இரண்டாவது எண்ணெயை வீட்டிலேயே மாற்றும் முறையையும் இங்கே சொல்கிறோம்.

எங்களுக்கு நேர்ந்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை இப்பகுதி வணிகர் யாரும் மறந்திருக்க மாட்டார். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் கிடங்கிலும் இடுப்பளவு தண்ணீர். பருப்பும் சர்க்கரையும் போனதோடு, இரண்டு ஸ்கூட்டர்களும் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றன.

தண்ணீர் வடிந்ததும் இரண்டு வண்டிகளுக்கும் என்ஜின் ஆயிலை இரண்டு முறை மாற்றினோம். ஸ்பார்க் பிளக்கும் காற்று வடிகட்டியும் புதிது போட்டோம். வண்டிகள் ஓடின. பிழைத்தோம் என்று இருந்துவிட்டோம்.

நான்கு மாதம் கழித்து ஒரு வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. புதுக்கணக்கு வேலையில் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலை, இரண்டு டின் நல்லெண்ணெயோடு சந்தை வாசலில் பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே பால் கலந்த காபி போல ஒரு குழம்பு. பேரிங்குகள் துருவேறி, பல்சக்கரம் ஒன்றின் பல் உடைந்திருந்தது.

"கியர் ஆயில் மாத்தலையா அண்ணாச்சி?" என்றார் மெக்கானிக்.

"இதுல கியரே கிடையாதே!" என்றோம் நாங்கள்.

நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயும் மூன்று நாள் ஓட்டமும் நஷ்டம். அன்று மாலையே இரண்டாவது வண்டியைத் திறந்து பார்த்தோம். அதிலும் அதே குழம்புதான். ஆனால் சத்தம் வருமுன் மாற்றியதால், அந்த வண்டி இன்றும் கடைக்கு உழைக்கிறது. இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டம்ளர் எண்ணெய்தான்.

இரண்டாவது எண்ணெய் எங்கே இருக்கிறது?

முன்பு நம்மிடம் இருந்த சேடக் போன்ற கியர் ஸ்கூட்டர்களில் கிளட்சும் கியரும் ஒரே பெட்டியில், ஒரே எண்ணெயில் சுழன்றன. இன்றைய கியரில்லா வண்டியில் அமைப்பு வேறு. என்ஜினின் சுழற்சியை ஒரு ரப்பர் பெல்ட் பின்பக்கம் கொண்டுபோகிறது. பெல்ட்டும் கிளட்சும் உலர்ந்த இடத்தில் இருப்பவை. அங்கே எண்ணெய் படக்கூடாது. அதற்குப் பிறகு, பின்சக்கரத்தை ஒட்டி ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் உள்ள பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டிச் சக்கரத்துக்குத் தருகின்றன. நாம் ஏற்றும் பாரம் முழுவதும் இறுதியில் இந்தப் பற்களின் மேல்தான் விழுகிறது. இந்தப் பெட்டிக்கென்று தனி எண்ணெய் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 120 மில்லிதான். பெட்டிக்கு மூச்சுவிட ஒரு சிறு துவாரம் இருப்பதால், வண்டி மூழ்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

தேவையானவை

கையேட்டில் சொல்லியுள்ள எண்ணெய், சரியான அளவு ரிங் ஸ்பானர், இரண்டு புதிய வாஷர், மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி ஊசிக்குழல், அதில் மாட்ட ஒரு சாண் ரப்பர் குழாய், பழைய எண்ணெய் பிடிக்க ஒரு தட்டு, துணி. இவ்வளவே. சில வண்டிக்கு என்ஜினில் ஊற்றும் எண்ணெயே இதற்கும் போதும். சில வண்டிக்கு 80W90 போன்ற கியர் ஆயில்தான் வேண்டும். ஆகவே பக்கத்துக் கடைக்காரரைக் கேட்காமல் கையேட்டைப் பாருங்கள்.

செய்முறை

1. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி வந்து, சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் முழுதும் வடியும். சைலன்சர் சூடாக இருக்கும். கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பின்சக்கரத்தருகே உள்ள பெட்டியில் இரண்டு போல்ட்டுகள் இருக்கும். பக்கவாட்டில் இருப்பது எண்ணெய் ஊற்றவும் மட்டம் பார்க்கவும். அடியில் இருப்பது வடிக்க. என்ஜினுக்கு நேர் கீழே உள்ள போல்ட்டைத் தொடாதீர்கள். அது என்ஜின் ஆயிலுடையது. தவறி அதைக் கழற்றினால் முக்கால் லிட்டர் அளவுக்கு எண்ணெய் கொட்டும். கியர் பெட்டியிலிருந்து ஒரு சிறு டம்ளர்தான் வரும்.

3. சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, முதலில் பக்கவாட்டுப் போல்ட்டைக் கழற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். அது இறுகிப்போய்த் திறக்க வரவில்லையென்றால், கீழே வடித்தபின் புது எண்ணெய் ஊற்ற வழியிருக்காது.

4. பிறகு தட்டை வைத்து அடிப் போல்ட்டைக் கழற்றுங்கள். பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் மிச்சமும் இறங்கும்.

5. வடிந்ததை வெளிச்சத்தில் பாருங்கள். கருத்திருந்தால் பழசு. வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது எண்ணெய் ஊற்றிச் சிறிது ஓட்டி, மறுபடியும் ஒரு முறை மாற்ற வேண்டும். விரலில் நெருடும் இரும்புத் துணுக்கு இருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

6. அடிப் போல்ட்டைப் புது வாஷரோடு முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். பெட்டி அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

7. பக்கத் துவாரத்தின் வழியே ஊசிக்குழலால் எண்ணெயை ஏற்றுங்கள். துவாரத்தின் கீழ் விளிம்பை எண்ணெய் தொட்டதும் நிறுத்துங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி மட்டம் பார்த்து, போல்ட்டை மூடுங்கள். ஒரு சுற்று ஓட்டி வந்து, கசிவு உண்டா என்று பாருங்கள்.

பழக்கமானவருக்கு அரை மணி நேர வேலை.

கொசுறு போடக்கூடாத இடம்

இங்கே இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முறை நாங்களே மாற்றியபோது, வியாபாரிக்குக் கொசுறு போடும் கை அல்லவா, வண்டியைச் சற்றுச் சாய்த்து ஐம்பது மில்லி கூடவே ஏற்றினோம். எண்ணெய் கூடினால் நல்லதுதானே என்று நினைப்பு. அதிகப்படி எண்ணெய் சூட்டில் விரிந்து, ஏற்கெனவே தேய்ந்திருந்த சீலைத் தாண்டிப் பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் இறங்கிவிட்டது.

கடைப்பையன் இரண்டு நாள் சொன்னான்: "அண்ணாச்சி, பின் பிரேக் பிடிக்க மாட்டேங்குது." பிரேக் நட்டை இரண்டு சுற்று இறுக்கிக்கொண்டு போகச் சொன்னோம். மூன்றாம் நாள் பாலத்து இறக்கத்தில், முன்னால் நின்ற லாரியைப் பார்த்துப் பிரேக் அடித்தும் வண்டி நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, ஓரத்து மணலில் இறக்கி நிறுத்தியிருக்கிறான். முழங்காலில் சிராய்ப்போடு கடைக்கு வந்தவனின் முகத்தைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. சரக்குக்கு விலை உண்டு. அவன் அம்மாவுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்?

பின்சக்கர உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், அல்லது பின் பிரேக் திடீரென்று மழுங்கினால், அந்த வண்டியை அப்போதே நிறுத்துங்கள். சீலும் பிரேக் ஷூவும் மாற்றியபின் எடுங்கள். ஓட்டுகிற பையன் குறை சொன்னால், வேலைக்குச் சோம்பி என்று எண்ணாமல் இறங்கிப் பாருங்கள்.

பலசரக்குக் கடைக்காரருக்குத் தனிக் குறிப்பு

நம் கடையில் காலி நல்லெண்ணெய் டின்னும், அளக்கும் கூம்பும் எப்போதும் கைக்கெட்டும். பழைய கியர் ஆயிலை அவற்றில் ஒருபோதும் பிடிக்காதீர்கள். ஒரு முறை வண்டி எண்ணெய் பட்ட பாத்திரம் மறுபடி உணவுப் பொருள் பக்கம் வரவே கூடாது. ஊசிக்குழலையும் தட்டையும் தனிப் பெட்டியில், பெயர் எழுதி, கடைக்கு வெளியே வையுங்கள். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கணக்கில் ஒரு வரி

எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை காலத்துக்கு ஒரு முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாரம் ஏற்றும் வண்டி என்பதால், எங்கள் கடையில் ஆண்டுக்கு ஒரு முறை, புதுக்கணக்கு எழுதும் வாரத்தில் மாற்றிவிடுகிறோம். வண்டி தண்ணீரில் மூழ்கினால் தேதி பார்ப்பதில்லை, உடனே மாற்றுகிறோம். தேதியையும் மீட்டரையும் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறோம்.

தாமே செய்ய நேரமில்லாதவர்கள் பட்டறையிலேயே கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் "ஆயில் மாற்றுங்கள்" என்று மொத்தமாகச் சொல்லாமல், என்ஜின் ஆயில், கியர் ஆயில் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பில்லிலும் இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சரக்குப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் விடமாட்டோம் அல்லவா? அதே கண்ணோடு இந்தப் பில்லையும் பார்த்தால் போதும்.