காட்டு வழி நடைப்பயணம்: வீட்டில் இருக்க வேண்டிய ஒரு தாள்



அமெரிக்காவில் படிக்கும், பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் காட்டு வழியே நடைப்பயணம் போகிறார்கள். "மூன்று நாளைக்கு போன் எடுக்காது, கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். இங்கே பெற்றோருக்குத் தூக்கம் இல்லை. இரு தரப்பாரும் அறிய வேண்டியதை இம்மாதப் பாடமாகத் தருகிறோம்.

அங்கே புகழ்பெற்றது அப்பலாச்சியன் நெடும்பாதை. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்கிறது. பெரும்பாலோர் இதில் ஒரு பகுதியைத்தான் நடக்கிறார்கள்.

முதலில் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்களுக்கு வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் உள்ள சுமார் 160 கிலோமீட்டரில் ஒரு துண்டு பொருத்தமானது. அங்கே பாதை மலைச்சாலையைப் பலமுறை குறுக்கிடுவதால், கால் பிசகினாலும் சாலைக்கு வந்துவிடலாம். காட்டில் இரவு தங்க முன்அனுமதி பெற வேண்டும். கருங்கரடிகள் உண்டு, உணவைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது.

அடுத்தது நேரக் கணக்கு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது பழைய மலையேறிகளின் கணக்கு. அதன்படி 600 மீட்டர் ஏற்றமுள்ள 16 கிலோமீட்டருக்கு நான்கேகால் மணி நேரம் ஆகும். முதுகில் சுமையும் இடையில் ஓய்வும் இருப்பதால் ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர வேண்டும்.

மூன்றாவது, வழிக்குறி. மரங்களில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது முதன்மைப் பாதை. நீலப் பட்டை கிளைவழி. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தால், திருப்பம் வருகிறது, கவனியுங்கள் என்று பொருள்.

2013 ஜூலையில் மெய்ன் மாநிலத்தில், இதே பாதையில் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்து வந்த 66 வயதுப் பெண்மணி இயற்கைக் கடன் கழிக்கப் பாதையை விட்டு ஒதுங்கினார். திரும்பும் வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாததால் போய்ச் சேரவில்லை. குறித்த இடத்துக்கு அவர் வராததால் கணவர் தகவல் கொடுத்தார். பெரிய தேடுதல் நடந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் உயிரோடு இருந்தார் என்பதை அவருடைய நாட்குறிப்பு காட்டியது. உடல் கிடைத்தது 2015 அக்டோபரில், பாதையிலிருந்து இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில்.

அனுபவசாலிக்கே இந்த நிலை. ஆகவே ஒதுங்கும்போதும் பாதை கண்ணில் படும் தூரத்திலேயே இருங்கள். துணையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வழி தவறியது தெரிந்தவுடன் நின்றுவிடுங்கள். மேலும் மேலும் நடப்பது தேடுவோரின் வேலையைக் கடினமாக்கும். விசிலை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள்.

கிளம்புமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே தொடங்குகிறீர்கள், ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு வெளியே வருகிறீர்கள், உடன் வருவோர் யார், பூங்கா அலுவலகத் தொலைபேசி எண் எது. ஒரு பிரதியை அங்குள்ள நண்பரிடம் கொடுங்கள். இன்னொன்றை வீட்டுக்கு அனுப்புங்கள்.

பெற்றோர்களே, இங்கிருந்து 911-ஐ அழைத்தால் அமெரிக்காவுக்குப் போகாது. ஆகையால் அந்த நண்பரின் எண்ணும் பூங்காவின் எண்ணும் உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளை போகக் கூடாது என்று தடுக்க வேண்டியதில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்பி வையுங்கள்.