பழைய ஊசி காக்குமா?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி.; வயது 17. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போட்டோம்; ஏ.ஆர்.டி. மருந்து நான்கு வயதில்தான் தொடங்கியது. தெருவில் இப்போது தட்டம்மை. பழைய ஊசி காக்குமா?
- ஒரு தாய், மல்லேஸ்வரம்

பதில்: அதை நம்பியிருக்க வேண்டாம், அம்மா. சிகிச்சைக்கு முன், கிருமியால் தளர்ந்திருந்த சரீரத்தில் போட்ட ஊசி பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பதோடு, இழந்த அந்த நோய் எதிர்ப்புச் சக்தியை, பிற்பாடு எத்தனை சிரத்தையாக மருந்து உட்கொண்டாலும், ஏ.ஆர்.டி. தானாக மீட்டுத் தருவதுமில்லை. ஆனால், 2017 பிப்ரவரியில் கர்நாடகமெங்கும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அந்தக் கூட்டத்தில் உங்கள் மகளும் இருந்து, அப்போது உடல் தேறியுமிருந்தால், அது கணக்கில் சேரும்; இன்னும் ஒன்று போதும். இல்லையேல், நான்கு வார இடைவெளியில் இரண்டு. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசியாதலால், சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை ஆறு மாதமாக 200-க்குக் குறையாதிருப்பது அவசியம். குறைந்திருந்தால் ஊசி கூடாது. அதற்குப் பதிலாக, தட்டம்மை நோயாளியோடு பழகிய ஆறு நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றலாம். ஆகையால் சிகிச்சைப் புத்தகத்தோடு இன்றே ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரைப் பாருங்கள்.