விருந்து மேசையும் வாணவேடிக்கையும்

இளநிலை அறிவியல் (வேதியியல்), இரண்டாம் ஆண்டு மாணவன்

முன்னுரை

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புக்கு உப்புப் பகுப்பாய்வுச் செய்முறை தொடங்கியது. கொடுத்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்து, புன்சன் சுடரில் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்த உப்பு இளம்பச்சையாக எரிந்தது. பேரியம் என்று எழுதினேன். விடை சரி என்று பேராசிரியர் கையெழுத்திட்டார். வார இறுதியில் ஊருக்குச் சென்றபோது அதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே, "பச்சை மருந்துதானப்பா? அதை நான் இருபது வருசமாக் கையில எடுத்தவன்தானே" என்றார்.

அப்பா சிவகாசிப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆனால் பேரியத்தைப் பார்த்த முதல் ஆள் நான் அல்லன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

சில நாள் கழித்து, விடுதி நண்பன் ஒருவன் தன் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அமெரிக்காவில் ஓர் உயர்தர ஓட்டலின் உச்சி மாடி. மேசையில் விருந்து. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வானம் முழுவதும் வாணவேடிக்கை. முதலில் வியப்பு வந்தது; பிறகு சில கேள்விகள் வந்தன. அவ்வளவு வெடியும் வெடிக்கும்போது அவர்களால் எப்படி நிம்மதியாக உண்ண முடிகிறது? புகை எங்கே போகிறது? சத்தம் எங்கே போகிறது? நான் அங்கே சென்றவன் அல்லன். நூலகத்திலும் கணினி அறையிலும் தேடிப் படித்ததையும், வகுப்பில் கற்றதையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இடமும் கட்டடமும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் பெரிய கேளிக்கை வளாகம் உள்ளது. 1971 அக்டோபர் 1 அன்று அது திறக்கப்பட்டது. அதன் முதல் பூங்காவின் பெயர் மேஜிக் கிங்டம். பூங்காவின் நடுவே 189 அடி உயரத்தில் சிண்ட்ரெல்லா கோட்டை நிற்கிறது. இரவில் அக்கோட்டையை மையமாக வைத்தே வாணவேடிக்கை நடக்கும். 2017 மே மாதத்தில் தொடங்கி, 2021-இல் நிறுத்தப்பட்டு, 2023 ஏப்ரலில் மீண்டும் வந்த 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' என்னும் காட்சி அவற்றுள் பெயர் பெற்றது.

பூங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கன்டெம்பரரி ரிசார்ட் என்னும் ஓட்டல் இருக்கிறது. இதுவும் பூங்காவுடன் அதே நாளில் திறக்கப்பட்டதே. சாய்வான இரு பக்கங்கள் மேலே நெருங்கும்படி எஃகினால் சட்டம் எழுப்பி, வேறிடத்தில் செய்து முடித்த அறைகளைப் பாரந்தூக்கியால் தூக்கி, மேசையில் இழுப்பறையைச் செருகுவதுபோல் செருகினார்கள். கட்டடத்தின் நடுக்கூடத்தின் ஊடாகவே ஒற்றைத் தண்டவாள இரயில் ஓடுகிறது. இதன் பதினைந்தாம் மாடியில் 1995-இல் தொடங்கப்பட்ட உணவகமே கலிபோர்னியா கிரில்.

மேசைக்கு வரும் முன்

அந்த உணவகத்தில் நினைத்தவுடன் போய் உட்கார முடியாது. அறுபது நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யத் தொடங்குகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஒருவருக்கு இவ்வளவு என்று விலை குறித்து, தொடக்க உணவு, முக்கிய உணவு, இனிப்பு என மூன்று சுற்றாகப் பரிமாறுகிறார்கள். சமையற்கட்டு மறைவாக இல்லை. உண்போர் கண்ணெதிரே சமையல் நடக்கிறது. வாணவேடிக்கை தொடங்கும் நேரத்தில் உணவகத்தின் விளக்குகளைத் தணிக்கிறார்கள். பூங்காவில் ஒலிக்கும் அதே இசையை ஒலிபெருக்கி வழியே இங்கும் கேட்கச் செய்கிறார்கள். வெளியே ஒரு பார்வை மாடமும் உண்டு. மாலையில் சீக்கிரமாக உண்டு முடித்தவர்கள்கூட இரசீதைக் காட்டி, வாணவேடிக்கை நேரத்தில் திரும்பி வரலாம் என்பது அங்குள்ள வழக்கம்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. அங்கே விற்கப்படுவது உணவு மட்டுமன்று. பார்க்கும் இடமும் சேர்த்தே விற்கப்படுகிறது. அந்த இடத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு என்பதை அறிய, முதலில் வாணத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று காண வேண்டும்.

ஒரு வாணக்குண்டின் பயணம்

வானில் பூவாக விரியும் வெடியை ஷெல் என்பர். காகிதத்தால் செய்த கூட்டுக்குள் நிற மருந்து உருண்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இவ்வுருண்டைகளை மணிமருந்து என்பார்கள். நடுவில் கூட்டைப் பிளக்கும் வெடிமருந்து இருக்கும். அடியில் கருமருந்து இருக்கும். பொட்டாசியம் நைட்ரேட் 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது அதன் பழைய கலவை. குழாயில் இறக்கி இதைப் பற்றவைத்தால், உண்டாகும் வாயுக்கள் குண்டை மேலே தள்ளும். அதே நொடியில் நேரத்திரி ஒன்றும் பற்றிக்கொள்ளும். குண்டு உச்சியை எட்டும்போது திரி எரிந்து முடிந்து, நடு மருந்தை வெடிக்கச் செய்யும்.

குண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 100 அடி உயரம் என்பது தோராயக் கணக்கு. ஆறு அங்குலக் குண்டு சுமார் 600 அடி, அதாவது 183 மீட்டர் ஏறும்.

அடியிலுள்ள கருமருந்தே தரையில் புகையையும் சத்தத்தையும் பெருக்குகிறது. இதைக் குறைக்க, கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலேண்டில் 2004-இல் அழுத்தப்பட்ட காற்றினால் குண்டை மேலே செலுத்தும் முறையைக் கொண்டு வந்தார்கள். மருந்து செய்த வேலையைக் காற்று செய்தது.

நிறங்களின் பிறப்பு

சோறு பொங்கிக் கஞ்சி அடுப்பில் வழியும்போது, நீலச் சுடர் திடீரென மஞ்சளாவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலை நீரிலுள்ள உப்பின் சோடியமே காரணம். வெப்பத்தால் கிளர்ச்சியுற்ற எலக்ட்ரான் தன் பழைய நிலைக்குத் திரும்பும்போது, ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை வெளிவிடுகிறது. கலிபோர்னியா கிரில்லின் சமையற்கட்டிலும் கண்ணாடிக்கு வெளியே வானத்திலும் நடப்பது இதுவே.

ஸ்ட்ரான்ஷியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும் தருகின்றன. அலுமினியம், மெக்னீசியம், டைட்டானியம் ஆகியவற்றின் பொடி வெள்ளி ஒளியைத் தரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பச்சையைத் தருவது பேரியம் அணு மட்டுமன்று. சுடரில் கணநேரம் தோன்றும் பேரியம் மோனோகுளோரைடு மூலக்கூறே முக்கிய காரணம். ஆகவே மணிமருந்தில் குளோரின் தரும் பொருள் ஒன்றையும் சேர்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் உப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நாம் குழைப்பதும் குளோரைடுக்காகவே. குளோரைடுகள் எளிதில் ஆவியாகும். இந்த ஒற்றுமையை அறிந்தபோது, செய்முறைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு வரி எனக்குப் பொருளுள்ளதாயிற்று.

நீலமே மிகக் கடினமான நிறம். அதைத் தரும் செம்பு மோனோகுளோரைடு சூடு அதிகமானால் சிதைந்துவிடும். சூடு குறைந்தால் ஒளி மங்கிவிடும். நல்ல நீல வாணத்தைக் கண்டால், அதைச் செய்த கையை மெச்ச வேண்டும்.

தொலைவு செய்யும் வேலை

இனி மேசைக்கு வருவோம். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 1123-ஆம் எண் விதித் தொகுப்பு, குண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 70 அடி தொலைவில் பார்வையாளர் இருக்க வேண்டும் என்கிறது. ஆறு அங்குலக் குண்டுக்கு அது 420 அடி, அதாவது 128 மீட்டர். அந்த எல்லையில் நின்று 183 மீட்டர் உயரத்தைப் பார்ப்பவர் தலையை ஏறத்தாழ 55 பாகை நிமிர்த்த வேண்டும். இலையை முன்னால் வைத்துக்கொண்டு அப்படி நிமிர்ந்தால் சாப்பிட முடியுமா?

கணக்குக்காக, உணவகம் வெடிக்கும் இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். கோணம் சுமார் 10 பாகையாகக் குறைகிறது. பதினைந்தாம் மாடியின் உயரத்தையும் கழித்தால் இன்னும் குறையும். உட்கார்ந்தபடியே, சன்னல் வழியே, கண்ணுக்கு நேராக வாணம் விரியும். உச்சி மாடியில் உணவகத்தை அமைத்ததன் பயன் இதுவே.

சத்தத்துக்கு வருவோம். முதல் இடத்தில் நிற்பவருக்கும் வெடிக்கும் புள்ளிக்கும் சாய்வுத் தொலைவு 223 மீட்டர். உணவகத்திலிருப்பவருக்கு 1017 மீட்டர். தொலைவு நாலரை மடங்கு கூடினால், எதிர் இருமடி விதிப்படி ஒலிச்செறிவு சுமார் 20-இல் ஒரு பங்காகிறது. அதற்குமேல் கண்ணாடியும் தடுக்கிறது. ஒலி, கோடை வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்லும். ஆகவே ஒளி வந்து ஏறத்தாழ 3 வினாடி கழித்தே வெடிச்சத்தம் வந்து சேரும். இசையை ஒலிபெருக்கி வழியே தருவதன் தேவை இங்கே விளங்குகிறது. பூங்காவில் ஒலிக்கும் இசை காற்றில் பயணம் செய்து வந்தால், அதுவும் தாளம் தப்பி வரும். மின்கம்பி வழியே வருவதால், வானத்துப் பூவும் மேசையில் கேட்கும் இசையும் ஒன்றாக இணைகின்றன.

விளக்கைத் தணிப்பதற்கும் காரணம் உண்டு. சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். உள்ளே வெளிச்சமாக இருந்தால், சன்னலில் வானத்துக்குப் பதில் நம் முகமே தெரியும். இரவுப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் இதை அறிவார்கள்.

அத்தனை வசதியுள்ள இருக்கைக்கும் ஒரு குறை உண்டு. கோட்டையின் முன்சுவரில் படங்களை ஒளியால் வீழ்த்திக் காட்டுகிறார்கள். உணவகம் கோட்டைக்குப் பக்கவாட்டில் இருப்பதால், அப்படங்களை அங்கிருந்து சரியாகக் காண இயலாது. தெருவில் நிற்கும் கூட்டத்துக்கே அது முழுமையாகக் கிட்டும்.

தொலைவின் மறுமுனை

ஆக, அந்த விருந்து மேசையின் சிறப்பு தொலைவிலேயே இருக்கிறது. அச்சம், புகை, இரைச்சல் மூன்றையும் தொலைவு வடிகட்டிவிட்டு, அழகை மட்டும் தட்டில் வைக்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. பார்ப்பவர் பாதுகாப்பாகப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் தொலைவுக்கு மறுமுனை ஒன்று உண்டு. டிஸ்னியின் வாணங்கள் எங்கள் ஊரில் செய்தவை அல்ல. என்றாலும் உலகில் எங்கே செய்தாலும், மருந்தைக் கலக்கும் கைக்கும் மருந்துக்கும் இடையே தொலைவு கிடையாது. எங்கள் பக்கத்து ஆலைகளில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. ஒன்று வெடித்தால் சேதம் நான்கு பேரோடு நிற்கட்டும் என்பதே அதன் பொருள் என்று சின்ன வயதில் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, அப்பா மருந்து செலுத்திக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறை வெடித்தது. அப்பா பிழைத்தார். வலது காது கேட்காமல் போயிற்று. இப்போது அவர் இரவுக் காவல் வேலை பார்க்கிறார்.

அந்தக் காணொளியை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "சத்தம் எப்ப வருது?" என்று கேட்டார். மூன்று வினாடி கழித்து வரும் என்று கணக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு" என்றார்.

எங்கள் பாடநூலில் அந்தச் சமன்பாடு உண்டு. தொலைவு சுழியானால் நேரமும் சுழி. அதை அப்பா படிக்காமலே அறிந்திருந்தார்.

முடிவுரை

நான் வேதியியல் எடுத்தபோது அம்மாவுக்கு வருத்தம். "மருந்து வேண்டாம்னுதானே ஐயா உன்னைப் படிக்க வச்சோம்" என்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரிகிறது.

நம் நாட்டில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2021-இல் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. பேரியம் இல்லாமல் அதே பச்சையைத் தரும் மருந்து எது? நீலச் செம்பைச் சிதையாமல் காப்பது எப்படி? உராய்வுக்கும் நிலைமின்னுக்கும் எளிதில் பற்றாத கலவை எது? மனிதக் கைக்குப் பதில் பொறி மருந்து செலுத்தினால், வேலை இழப்பவருக்கு என்ன வழி? முதல் மூன்று கேள்விகள் நம் துறையைச் சேர்ந்தவை. நான்காவது நம் எல்லோரையும் சேர்ந்தது. குண்டை மேலே அனுப்பக் காற்றைப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் எண்ணிப் பார்த்ததால், ஒரு பூங்காவில் புகை குறைந்தது. அதுபோல, செய்பவருக்கும் மருந்துக்கும் இடையே சிறிது தொலைவை உண்டாக்கவும் யாராவது எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த ஓட்டல் மேசையில் என்றேனும் எனக்கும் ஓர் இடம் கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம். அதுபற்றி எனக்குக் கவலையில்லை. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் பச்சைச் சுடரைக் காணும்போது, மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், அந்த உப்பை நாளெல்லாம் கையில் எடுப்பவரையும் ஒரு கணம் நினைப்போம். கற்றவர்கள் நாம் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் அங்கிருந்து தொடங்குகிறது.