துப்பாக்கித் தொலைநோக்கியின் குறி பிசகுவதேன்? காரணம் காணும் முறை



தறியில் ஓடும் துணியில் ஒரு கோடு விழுந்தால் அனுபவம் உள்ள நெசவாளி தறி முழுவதையும் கழற்றிப் போடுவதில்லை. தறியை நிறுத்துகிறார், அறுந்தது பாவிழையா, விழுது தளர்ந்ததா, அச்சில் பல் வளைந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறார். துப்பாக்கியின்மேல் பொருத்திய தொலைநோக்கி குறி தவறும்போதும் இந்த முறையே சிறந்தது. ஆனால் பெரும்பாலோர் செய்வது வேறு. ஒரு ரவை விலகி விழுந்தவுடன் திருகைத் திருப்புகிறார்கள். அடுத்தது மறுபக்கம் விழுந்தால் மீண்டும் திருப்புகிறார்கள். ஒரு டப்பி ரவை தீர்ந்தபின் குறி முன்னைவிட மோசமாக இருக்கிறது. இந்த வீண் செலவைத் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

இது வேட்டைக்கான பாடம் அன்று என்பதை முதலிலேயே தெளிவாக்கி விடுகிறோம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. சேவூர்ப் பகுதியின் நிலக்கடலைக் காடுகளை மயில் கிளறுவது நாம் அறிந்ததே. ஆனால் மயில் 1963 முதல் தேசியப் பறவை. அதனைச் சுடுவது கடுங்குற்றம். காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவனவற்றைச் சுடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வழி செய்தது. அந்தப் பணியும் பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கு உரியதே அன்றித் தோட்டக்காரருக்கு உரியதன்று. பயிர்ச் சேதம் உற்றவர் வனத்துறையிடம் முறையிடுவதே முறை.

ஆகவே இப்பாடம் யாருக்குப் பயன்படும்? ஏர்கன் என்று வழங்கும் காற்றுத் துப்பாக்கியில் இலக்குப் பயிற்சி செய்யும் நம் இளைஞர்களுக்கும், முறையான உரிமம் பெற்று விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போருக்கும் பயன்படும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கோ, ரவையின் வேக ஆற்றல் 20 ஜூலுக்கோ மேற்படும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். வாங்குமுன் இவ்விரண்டு அளவுகளையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

மண்மேடு இன்றிப் பயிற்சி இல்லை

குறி நேராக்கப்படாத துப்பாக்கி எங்கே சுடும் என்பது அதனை ஏந்தியவருக்கே தெரியாது. இதுவே இவ்விஷயத்தில் உள்ள பேரபாயம். அட்டையை நோக்கிச் சுட்டது அட்டைக்கு அப்பால் களை எடுப்போர் பக்கம் போகக்கூடும். சிறு ஏர்கன் ரவையும் கண்ணைப் பறிக்க வல்லது. எனவே இலக்கின் பின்னே கல் கலவாத உயர்ந்த மண்மேடோ, மணல் மூட்டை அடுக்கோ இருத்தல் வேண்டும். இரும்புத் தகடும் கருங்கல் சுவரும் ரவையைத் திருப்பி எறியும், அவை கூடா. சாலை, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை ஆகிய திசைகளை அறவே விலக்க வேண்டும். திருகாணியைத் தொடும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பின்னரே தொட வேண்டும்.

அட்டை சொல்லும் செய்தி

ஒரு ரவையைக் கொண்டு எதையும் முடிவு செய்தல் ஆகாது. துப்பாக்கியை மணல் பையின்மீது தாங்கி, ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுட்டபின் அட்டையைப் பார்க்க வேண்டும். அது நான்கு வகையில் ஒன்றைச் சொல்லும்.

1. ஐந்து துளைகளும் நெருங்கி, ஆனால் நடுப்புள்ளிக்கு விலகி இருந்தால், துப்பாக்கி நன்றாக உள்ளது. திருகைத் திருப்பினால் போதும்.

2. துளைகள் நாலாபுறமும் சிதறினால் திருகைத் தொடவே கூடாது. தளர்ந்த ஆணி, ஒவ்வாத ரவை, பிடிக்கும் முறை ஆகியவற்றில் ஒன்று காரணம்.

3. துளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், ஏதோ ஓர் உறுப்பு இரு நிலைகளுக்கிடையே அசைகிறது என்று பொருள்.

4. ஒவ்வொரு ரவையும் முன்னதைவிட ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால், பிடிவளையம் நழுவுகிறது அல்லது குழல் சூடேறுகிறது.

காரணங்களைத் தேடும் வரிசை

முதலாவது, ஆணிகள். தொலைநோக்கியைத் தாங்கும் அடித்தளம், அதன் மேலுள்ள பிடிவளையங்கள், துப்பாக்கியின் இரும்பையும் மரக்கட்டையையும் இணைக்கும் ஆணிகள் ஆகிய மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும். குறி பிசகும் துப்பாக்கிகளில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வளையத்தின் உட்புறத்தில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட வேண்டும். ஒரு பக்க ஆணியை முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குதல் நலம். அளவுக்கு மேல் முறுக்கினால் குழாய் நசுங்கிக் கண்ணாடி நிலை கெடும். தயாரித்தோர் குறிப்பிட்ட அளவே உத்தமம்.

இரண்டாவது, மரக்கட்டை. மழைக்காலத்தில் மரம் ஈரம் உண்டு ஊதும், கோடையில் சுருங்கும். குழல் கட்டையைத் தொடாமல் மிதக்கும் அமைப்புள்ள துப்பாக்கியில், இரண்டுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டு தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தடைப்பட்டால் அந்த இடத்தில் மரம் குழலைத் தள்ளுகிறது.

மூன்றாவது, சாய்வு. உள்ளே தெரியும் குறுக்குக் கம்பி நேர் நிமிர்ந்து நில்லாவிட்டால், மேலே ஏற்றத் திருகும்போது ரவை பக்கவாட்டிலும் நகரும். கொத்தனாரின் தூக்குக் குண்டைச் சற்றுத் தொலைவில் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்தி, நூலும் கம்பியும் ஒன்றாகப் படியும்படி வளையத்தில் தொலைநோக்கியைத் திருப்பிக்கொள்ளலாம்.

நான்காவது, கண்ணின் நிலை. துப்பாக்கியை அசையாமல் வைத்து, தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கம்பி இலக்கின்மேல் நகர்ந்தால், அந்தத் தூரத்துக்குத் தொலைநோக்கி சரியாக அமையவில்லை. பெரிய துப்பாக்கிகளுக்குரிய பல தொலைநோக்கிகள் 100 கஜத்துக்கென்று அமைக்கப்பட்டவை. அவற்றை 10 மீட்டர் ஏர்கன் பயிற்சிக்குப் பொருத்தினால் இந்தக் கோளாறு தோன்றும். தூரத்துக்கேற்பத் திருப்பும் வசதியுள்ளதை வாங்குவதே பரிகாரம். அது இல்லையேல் ஒவ்வொரு முறையும் கன்னத்தைக் கட்டையின் அதே இடத்தில் வைத்துப் பழக வேண்டும்.

ஐந்தாவது, சுருள்வில் ஏர்கனின் தனிக்குணம். இவ்வகைத் துப்பாக்கி சுடும்போது முதலில் பின்னும், பிறகு முன்னும் அதிரும். இந்த இருதிசை அதிர்ச்சி சாதாரணத் தொலைநோக்கியின் உள்ளுறுப்பைத் தளர்த்திவிடும். வளையத்தையும் பின்னோக்கி நகர்த்தும். ஏர்கனுக்கென்றே செய்த தொலைநோக்கியும், நகராமல் தடுக்கும் முளையும் வேண்டும். இதனை இறுகப் பிடித்தாலும், கடினமான பலகைமேல் வைத்தாலும் ரவை சிதறும். உள்ளங்கையில் தளர்வாக ஏந்தி, அது தன் போக்கில் அதிர விடுவதே முறை.

ஆறாவது, திருகின் எல்லை. குழலை மடித்து ரவை இடும் ஏர்கன்களில் குழல் சற்றே கீழ்நோக்கி இருப்பதுண்டு. அதை ஈடுசெய்ய மேல்திருகை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் திருகு சுழலும், ரவை நகராது. அங்கே மேலும் பலவந்தம் செய்வதில் பயனில்லை. திருகை அதன் நடுநிலைக்குக் கொண்டுவந்து, பின்வளையத்தை உயர்த்தும் தாங்கி ஒன்றைப் பொருத்த வேண்டும்.

ஏழாவது, ரவை. ஒரு டப்பியின் ரவைக்கு நேர் செய்த குறி, வேறு எடையுள்ள மற்றொரு டப்பிக்குப் பொருந்தாது. வெவ்வேறு நம்பர் நூல்களை ஒரே பாவில் கலப்பதற்கு இது ஒப்பாகும்.

சொடுக்குக் கணக்கு

திருகைத் திருப்பும்போது 'டிக்' என்று கேட்கும் ஒலியைச் சொடுக்கு என்போம். வட்டத்தின் 360 பாகைகளில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கலை. பெரும்பாலான தொலைநோக்கிகளில் ஒரு சொடுக்கு கால் கலை ஆகும். கோணம் ஒன்றே ஆயினும் தூரம் கூடக்கூட நகர்ச்சியும் கூடும். 100 மீட்டரில் ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 7.3 மில்லிமீட்டர், 50 மீட்டரில் 3.6, 25 மீட்டரில் 1.8, 10 மீட்டரில் 0.7 மட்டுமே.

உதாரணமாக, 25 மீட்டரில் ஐந்து துளைகளின் நடுமையம், புள்ளிக்கு 36 மில்லிமீட்டர் கீழும் 18 மில்லிமீட்டர் வலமும் விழுந்ததெனக் கொள்வோம். 36-ஐ 1.8-ஆல் வகுக்க 20. ஆகவே மேல்நோக்கி 20 சொடுக்கு. 18-ஐ 1.8-ஆல் வகுக்க 10. ஆகவே இடப்பக்கம் 10 சொடுக்கு. திருகின்மேல் உள்ள அம்புக்குறி, ரவை விழும் இடம் நகரும் திசையைக் காட்டுவது வழக்கம். கம்பி நகரும் திசையை அன்று. இதனை மாற்றி எண்ணுவோரே இருமடங்கு பிசகுகிறார்கள்.

தொலைநோக்கி குழலுக்கு மேலே இருப்பதால், ரவை பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, ஏறி, பின்பு தாழ்கிறது. ஆதலால் 25 மீட்டரில் சரியான குறி 5 மீட்டரில் தாழ்ந்து விழுவது கோளாறு ஆகாது. எந்தத் தூரத்தில் பயிற்சி செய்கிறோமோ அந்தத் தூரத்திலேயே குறியை நேர் செய்ய வேண்டும்.

காற்றும் காலமும்

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நம் பகுதியில் எவ்வளவு பலமாக வீசும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காற்றில் நேர் செய்த குறி, காற்று அடங்கியதும் தவறாகும். காற்று எழுமுன் விடியற்காலையில் நேர் செய்வதே சிறப்பு. வெயிலில் கிடந்த துப்பாக்கியையும், தொடர்ந்து சுட்டுச் சூடேறிய குழலையும் சற்று ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

உறுதி செய்தல்

குறி நேரானபின் ஒரு சோதனை உண்டு. ஒரே புள்ளியை நோக்கிக்கொண்டு, மேலே 20 சொடுக்கு திருப்பிச் சுடுக. பின் வலம் 20, கீழ் 20, இடம் 20 என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் சுடுக. துளைகள் சதுரமாக அமைந்து, கடைசித் துளை தொடங்கிய இடத்துக்கே வந்தால் தொலைநோக்கி நம்பத் தக்கது. வராவிட்டால் உள்ளுறுப்பு கெட்டது. அதனைத் தகுந்த பழுதுபார்ப்போரிடம் தருக. அதற்குமுன், நன்றாகச் சுடத் தெரிந்த மற்றொருவரைச் சுடச் சொல்லிப் பார்ப்பதும் நன்று. அவர் கையில் சரியாக விழுந்தால், பிழை கருவியில் இல்லை என்பது வெளிப்படை.

2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முந்திய சோதனையில் தம் ரவை எதிர்பாராத இடத்தில் விழக் கண்டார். கிடைத்த சிறு அவகாசத்தில் குறியைத் திருத்திக்கொண்டு, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே காற்றுத் துப்பாக்கிப் பிரிவில்தான். அவர்கள் சுடும் 10 மீட்டர் இலக்கில் நடுப்புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டரே. அத்தகைய போட்டிகளில் தொலைநோக்கிக்கு இடமில்லை. துளைக் குறியே உண்டு. ஆயினும் காரணம் காணும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

பாடச் சுருக்கம்

ஐந்து சுட்டபின் அட்டையைப் படிக்கவும். சிதறினால் ஆணியைப் பார்க்கவும். கூடி விலகினால் திருகைத் திருப்பவும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவும். தேதி, தூரம், ரவை, காற்று, சொடுக்கு ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவும். வரவு செலவு எழுதாத சங்கம் எப்படி நடவாதோ, அப்படியே குறிப்பு எழுதாத குறியும் நிலைக்காது.

அங்கத்தினர் சிந்தனைக்கு

1. 50 மீட்டரில் ரவைக் கூட்டம் 72 மில்லிமீட்டர் உயர்ந்து விழுகிறது. கால் கலைத் திருகில் எத்தனை சொடுக்கு, எத்திசையில் திருப்ப வேண்டும்?

2. திருகு சுழல்கிறது, ரவை நகரவில்லை. முதலில் எதை ஐயுற வேண்டும்?

3. உங்கள் தோட்டத்தில் பயிற்சிக்கு இடம் தேர்ந்தால், இலக்கின் பின்னே என்ன இருக்கிறது? அதற்கும் பின்னே யார் இருக்கக்கூடும்?

மூன்றாவது வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கும்வரை, துப்பாக்கி உறையிலேயே இருப்பதாக.