எடைக் குறைப்பும் ஆட்டத்திறனும்

மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ முதலிய போட்டிகளில் வீரர்களை எடைவாரியாகப் பிரிக்கின்றனர். சமமானவர்கள் மோத வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால், போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் எடையைக் குறைத்து, தம்மினும் சிறியவரோடு மோத விரும்புவோர் பலர். அவர்கள் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதை இங்குக் காண்போம்.

60 கிலோ எடையுள்ள மல்யுத்த வீரர் ஒருவர் 57 கிலோ பிரிவில் இறங்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். குறைக்க வேண்டிய 3 கிலோ, அவர் எடையில் நூற்றுக்கு 5 பங்கு. இரண்டு மூன்று நாட்களில் இவ்வளவு கொழுப்பு கரையாது. ஆகவே அவர் உணவையும் நீரையும் குறைக்கிறார். தடித்த உடையணிந்து ஓடி வியர்க்கிறார். குறைவது பெரும்பாலும் நீரே.

இதனால் இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைவதால், அதே வேலைக்கு இதயம் விரைந்து துடிக்க நேர்கிறது. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றலும் தளர்கிறது. தசைகளில் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு உண்டு. அதில் 1 கிராம் செலவானால், அதனோடு சேர்ந்திருக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் நீங்கும். தராசில் எடை குறையும். தசையோ எரிபொருளை இழக்கும்.

வலிமை உடனே போய்விடுமா என வினவலாம். ஒரே ஒரு முறை பளுவைத் தூக்கினால் பெரிய மாற்றம் தெரிவதில்லை. வீரரை ஏமாற்றுவது இதுவே. மல்யுத்தம் ஒரே பிடியில் முடிவதன்று. 3 நிமிடம் கொண்ட இரு சுற்றுகளில் மீண்டும் மீண்டும் முழு வேகத்தோடு பாய வேண்டும். இரண்டாம் சுற்றில்தான் குறை வெளிப்படும். எடை பார்த்தபின் உண்டும் பருகியும் ஓரளவு ஈடுசெய்யலாம். ஆயினும் கிளைகோஜன் நன்கு நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். காலையில் எடை பார்த்து அன்றே மோதுவோருக்கு அந்த அவகாசம் ஏது?

இழப்பு ஆட்டத்தோடு நிற்பதுமில்லை. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர், இவ்வாறு எடை குறைக்கும்போது உயிரிழந்தனர். அதன்பின் அங்குக் கல்லூரி மல்யுத்தத்தில் நீராவி அறையும் ரப்பர் உடையும் தடைசெய்யப்பட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூவரை வென்றார். இரவு முழுதும் முயன்றும், மறுநாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியை இழந்தார்.

எடையைக் குறைக்கவே கூடாதா? குறைக்கலாம், பொறுமையாகக் குறைக்க வேண்டும். அந்த அமெரிக்கக் கல்லூரி விதி, வாரத்திற்கு நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் குறைக்க இடந்தருவதில்லை. அக்கணக்கில் நம் வீரருக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் வேண்டும். அவ்வளவு நாள் இல்லையெனில், தம் இயல்பான எடைக்குரிய பிரிவிலேயே மோதுவது நன்று. தராசை வெல்வது வெற்றியன்று. களத்தில் இரண்டாம் சுற்றிலும் நிற்பதே வெற்றி.