இன்டர்ன்ஷிப் வயது வரம்பும் தாமதமாகப் பட்டம் பெறும் நம் பிள்ளைகளும்



பட்டம் வாங்கியும் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க முடியவில்லை என்று நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு மதிப்பெண்ணில் குறையில்லை. வயதுதான் தடை. அந்த விதியை இந்த இதழில் பார்ப்போம்.

மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை முன்னோடியாகத் தொடங்கியது. தொடங்கியபோது அது பெரிய கம்பெனிகளில் 12 மாதப் பயிற்சி. அப்போது மாதம் 5,000 ரூபாய், தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய் என்று வைத்தார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது. தொடங்கியபோது வைத்த வயது 21 முதல் 24 வரை.

இதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்போடு மதரஸாவில் சேரும் பிள்ளைக்கு வயது 13. ஹிஃப்ளு மூன்று ஆண்டு, ஆலிம் வகுப்பு ஏழு ஆண்டு என்றால் ஸனது வாங்கும்போது 23. அதற்குப் பிறகு தனித்தேர்வராகப் பத்தும் பன்னிரண்டும் எழுதி, தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடிக்க 28 ஆகிவிடும். பன்னிரண்டாம் வகுப்போடு நிக்காஹ் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு படிக்கும் நம் பெண்களுக்கும், ராஜகிரியிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் சபுருக்குப் போய்த் திரும்பிவந்து படிக்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

புதிதாகப் படித்து வருகிறவருக்கு முதல் அனுபவம் தருவதுதான் நோக்கம் என்றால், பார்க்க வேண்டியது பிறந்த தேதியையா, பட்டம் வாங்கிய தேதியையா? போன மாதம் பி.காம். முடித்த 29 வயதுப் பெண்ணும் புதுப் பட்டதாரிதானே! விதி வகுத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

விதி மாறும்வரை சும்மா இருக்கவும் முடியாது. பலர் கவனிக்காத ஒன்று உண்டு: இந்தத் திட்டத்துக்குப் பட்டம் கட்டாயமில்லை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். முழுநேரம் படிப்பவர் சேர முடியாது என்பது தொடங்கியபோது இருந்த விதி. தொலைநிலையில் படிப்பவர் சேரலாம். எனவே பட்டம் முடியட்டும் என்று காத்திருந்து வயதைக் கடத்தாதீர்கள். முதுகலை முடித்தவர்களுக்கு இதில் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஓதும் காலத்திலேயே பத்தாம் வகுப்பை எழுதவைத்தால் பிள்ளைக்குப் பின்னால் ஓட்டம் குறையும். மதரஸா நிர்வாகிகளிடம் இதை நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

அப்ரண்டிஸ் பயிற்சி வேறு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது உண்டு, உச்ச வயது இல்லை. ஆனால் ஆள் எடுக்கும் நிறுவனம் தானே வரம்பு வைக்கும். பொன்மலைப் பணிமனைக்கு ஆள் எடுக்கும் ரயில்வே அறிவிப்புகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 24 என்றிருக்கும், ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தால் 3 ஆண்டு தளர்வு கிடைக்கும். சான்றிதழை அறிவிப்பு வந்த பிறகு தேடாமல் முன்பே வாங்கி வையுங்கள்.

வயது தாண்டியவர்கள் டி.என்.பி.எஸ்.சி. பக்கம் பாருங்கள். குரூப் 2, குரூப் 4 தேர்வுகளின் பல பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த பட்டதாரிகளுக்கு உச்ச வரம்பு இல்லை. 60 வயது நிறைவடையாமல் இருந்தால் போதும்.

பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் ஒரே பிறந்த தேதியைக் காட்டுகின்றனவா என்று இன்றே பாருங்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பள்ளியில் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்ததன் விளைவை இன்னும் அனுபவிக்கிறோம்! விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் இரண்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரலாம்.