ஷைலஜா டீச்சர் நடத்திய பாடம்

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)



ஒர்க்ஷாப்பில் நமக்குச் சொல்லித் தருகிற முதல் விஷயங்களில் ஒன்று பராமரிப்பு. மெஷின் நின்ற பிறகு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஒரு வகை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் விட்டு, பேரிங் சூட்டைப் பார்த்து, தேய்ந்த பெல்ட்டை மாற்றி வைப்பது இன்னொரு வகை. முதலாவது ‘பிரேக்டவுன் மெயின்டனன்ஸ்’, இரண்டாவது ‘பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்’. இரண்டுக்கும் வித்தியாசம் எழுதி பரீட்சையில் மார்க் வாங்கிவிடுகிறோம். அதோடு மறந்தும் விடுகிறோம்!

இதே வித்தியாசம் ஒரு மாநிலத்தின் உயிரையே தீர்மானிக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? பெருந்தொற்றுக் காலத்தில் பக்கத்து மாநிலமான கேரளத்தின் சுகாதார அமைச்சர் என்ன செய்தார் என்று கொஞ்சம் பார்ப்போம். “அமைச்சர்னா ரிப்பன் வெட்டறவர்தானே, அவரால என்ன ஆகும்?” என்று கேட்கிற நண்பர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

யார் இந்த டீச்சர்?

கே.கே.ஷைலஜா, கண்ணூர் மாவட்டத்துக்காரர். பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து, வேலையை விட்டு முழுநேர அரசியலுக்கு வந்தவர். 2016 முதல் 2021 வரை கேரளத்தின் சுகாதார அமைச்சர். அமைச்சரான பிறகும் மக்கள் அவரை ‘ஷைலஜா டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் கையில் கிடைத்தது காலியான பட்டறை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1879-லேயே அரசு ஊழியர், மாணவர், சிறைக் கைதிகளுக்கு அம்மைத் தடுப்பைக் கட்டாயமாக்கிய திருவிதாங்கூரின் வழிவந்த மாநிலம் அது. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தன. 2017-ல் ‘ஆர்த்ரம்’ என்ற திட்டம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக உயர்த்தி, டாக்டர்களையும் நர்சுகளையும் கூட்டி, லேப் வசதி கொடுத்து, ஓ.பி.யை மாலை வரை நீட்டினார்கள். அப்போது கொரோனா என்ற பேச்சே இல்லை. எண்ணெய் விடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நிபா கற்றுத் தந்தது

2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் நிபா வைரஸ் வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதனுக்கு வருகிற நோய். தடுப்பூசி கிடையாது. தாக்கியவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். 17 உயிர்கள் போயின. அவர்களில் ஒருவர், நோயாளியைக் கவனித்துக்கொண்ட பேராம்பிரா தாலுகா மருத்துவமனை நர்ஸ்.

அமைச்சர் கோழிக்கோட்டிலேயே தங்கி வேலையை நடத்தினார். ஆராய்ந்து பார்த்தபோது ஓர் உண்மை வெளிவந்தது. நோய் பெரும்பாலும் பரவியது வீதியில் அல்ல, ஆஸ்பத்திரிக்குள்! வராந்தாவில் காத்திருந்தவர், பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவர் என்று தொற்றியிருந்தது. ஆகவே காய்ச்சல் நோயாளிக்குத் தனி வழி, தனி வார்டு, ஊழியருக்குப் பாதுகாப்பு உடை என்று முறைகள் வகுக்கப்பட்டன. நோயாளியோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள்.

பாடம் மனதில் பதிந்ததா என்று ஓராண்டிலேயே பரீட்சை வந்தது. 2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா உறுதியானது. அவர் பிழைத்துக்கொண்டார். அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை.

ஜனவரியில் அடித்த மணி

2020 ஜனவரி 20 வாக்கில் சீனாவில் ஒரு புது வைரஸ் என்ற செய்தியை டீச்சர் படிக்கிறார். வூஹான் நகரில் கேரளத்துப் பிள்ளைகள் பலர் டாக்டருக்குப் படிக்கிறார்கள். நோய் இங்கேயும் வருமா என்று அதிகாரியைக் கேட்கிறார். கட்டாயம் வரும் என்று பதில் வருகிறது. ஜனவரி 23-ல் அவசர நடவடிக்கைக் குழு கூடுகிறது. 24-ல் கட்டுப்பாட்டு அறை தயார். 14 மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கும் அதே உத்தரவு போகிறது.

ஜனவரி 30-ல் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் உறுதியானபோது அறை, ஆட்கள், நடைமுறை எல்லாம் தயாராக இருந்தன. அடுத்து ஆலப்புழையில் ஒருவர், காசர்கோட்டில் ஒருவர். மூவருமே வூஹானிலிருந்து திரும்பிய மாணவர்கள். மூவருமே குணமாகி வீடு திரும்பினார்கள்.

மார்ச் மாதம் நிலைமை கடினமானது. இத்தாலியிலிருந்து வந்த பத்தனம்திட்டை மாவட்டக் குடும்பம் ஒன்றில் மூவருக்கும், உறவினர் இருவருக்கும் தொற்று இருப்பது மார்ச் 8-ல் தெரிந்தது. அவர்கள் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குள் எங்கெல்லாம் போனார்களோ! சுகாதார ஊழியர்கள் ஒரு வரைபடம் போட்டார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று வரிசையாக எழுதி, ஆள் பெயரைச் சொல்லாமல் வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள் போன் செய்யுங்கள் என்றார்கள். நாம் புரொடக்ஷன் பாடத்தில் போடுகிற ‘ஃபுளோ சார்ட்’தான், வேறில்லை! அந்தக் குடும்பத்தின் 93 வயது தாத்தாவும் 88 வயது பாட்டியும் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் பிழைத்து ஏப்ரலில் வீடு திரும்பினார்கள். அவர்களைக் கவனித்த நர்சுக்கும் தொற்றி, அவரும் குணமானார்.

ஒரு சின்னக் கணக்கு

ஆளைத் தேடிப் பிடிப்பதில் அப்படி என்ன பெரிய லாபம்? பேப்பர் பேனா எடுங்கள். ஒரு நோயாளி சராசரியாக இரண்டு பேருக்குப் பரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 8 என்று பெருகி பத்தாவது சுற்றில் 1,024 பேர். தனிமைப்படுத்தியும் கை கழுவியும் முகக்கவசம் போட்டும் அந்த இரண்டை 1.1 ஆகக் குறைத்துவிட்டால்? 1.1-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். மூன்று கூட வராது! மருந்தே இல்லாத நோயிலும் மனிதன் செய்ய முடிந்த வேலை இது. 2020 மார்ச்சில் ‘சங்கிலியை உடைப்போம்’ என்று கேரள அரசு பிரச்சாரம் தொடங்கி, பஸ் நிலையங்களிலும் கடைவாசல்களிலும் கை கழுவும் தொட்டி வைத்ததற்கு இதுதான் அர்த்தம்.

2020 மே நடுவில், சுமார் மூன்றரைக் கோடி மக்கள் உள்ள அந்த மாநிலத்தில் மொத்தத் தொற்று 524, மரணம் 4. உலகமே திரும்பிப் பார்த்தது. ஜூன் 23-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சேவை தின நிகழ்ச்சியில் பேச டீச்சருக்கு அழைப்பு வந்தது.

யார் செய்த வேலை?

எல்லாம் ஒருவர் செய்ததா? இல்லவே இல்லை. தினமும் மாலையில் முதலமைச்சர் பினராயி விஜயன் நிருபர்களைச் சந்தித்து அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். பக்கத்தில் டீச்சர் இருப்பார். ஆனால் அந்த எண்ணிக்கையைச் சேகரித்தவர் யார்? வீடு வீடாகப் போன ஆஷா பணியாளர், சுகாதார ஆய்வாளர், வார்டு உறுப்பினர். தனிமையில் இருந்தவர்களுக்குச் சோறு போட்டது உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் நடத்திய சமூகச் சமையலறை. ஊரடங்கில் மாட்டிக்கொண்ட வடநாட்டுத் தொழிலாளிகளை ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அழைத்து, முகாம் போட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள்.

இன்னொரு உதாரணம் தடுப்பூசி. பத்து டோஸ் கொண்ட குப்பியில் வீணாவதற்கென்று கொஞ்சம் கூடுதலாகவே மருந்து நிரப்பியிருப்பார்கள். கேரளத்து நர்சுகள் ஒரு சொட்டும் சிந்தாமல் அந்தக் கூடுதலையும் எடுத்தார்கள். 2021 மே தொடக்கத்தில் மத்திய அரசிடமிருந்து வந்தது 73,38,806 டோஸ். போட்டது 74,26,164 டோஸ்! வந்ததைவிடப் போட்டது அதிகம். இது மந்திரி உத்தரவில் வருகிற திறமை இல்லை. கைத்தொழில் சுத்தம். நமக்கு நன்றாகவே புரியும்.

டிரான்ஸ்பார்மரும் ஆஸ்பத்திரியும்

“அங்கேயும் பிறகு நிறையப் பேருக்கு வந்ததே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

2020 ஜூலை 17-ல் திருவனந்தபுரத்தின் பூந்துறை, புல்லுவிளை கடற்கரைப் பகுதிகளில் சமூகப் பரவல் வந்துவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டது. ஓணத்துக்குப் பிறகு அக்டோபர் 7-ல் ஒரே நாளில் 10,606 பேர். இரண்டாம் அலையில் 2021 மே 12-ல் ஒரே நாளில் 43,529 பேர்.

அப்படியானால் தோல்வியா? எலக்ட்ரிகல் நண்பர்களைக் கேளுங்கள். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் ஊரிலுள்ள எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் போட்டால் என்ன ஆகும்? அதே மோட்டார்களை முறைவைத்து ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் தாங்கும். மொத்த யூனிட் கிட்டத்தட்ட ஒன்றுதான். உச்ச லோடுதான் வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஆக்சிஜனும் அந்த டிரான்ஸ்பார்மர் மாதிரி.

2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தது. நாடு முழுவதும் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. கேரளத்தில் 44.4 சதவீதம்தான். அதாவது தடுப்பூசி வந்து சேரும்வரை நோயைத் தள்ளிப்போட முடிந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் நாட்டின் பல நகரங்களில் ஆக்சிஜன் இல்லாமல் ஜனங்கள் தவித்தபோது கேரளத்தில் தட்டுப்பாடு இல்லை; நம் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும்கூட அனுப்பினார்கள். முதல் அலையின்போதே எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செலவாகிறது என்று கணக்கு வைத்துத் தயார்செய்ததன் பலன்.

மறுபக்கமும் உண்டு

பாராட்டு மட்டும் எழுதினால் அது பாடமாகாது. தொடக்கத்தில் கணக்கில் சேராமல் விட்ட மரணங்கள் பல. தன்னார்வலர்கள் பத்திரிகை இரங்கல் செய்திகளோடு ஒப்பிட்டுச் சுட்டிக்காட்டினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021-ன் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான பெயர்கள் சேர்க்கப்பட்டன. கேரளத்தின் மொத்தக் கணக்கு 70 ஆயிரத்தைத் தாண்டியது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து அதுதான். முதியவர் அதிகமுள்ள மாநிலம் என்பதும், மறைக்காமல் பிறகாவது எண்ணினார்கள் என்பதும் உண்மை. முதலிலேயே எண்ணியிருக்கலாம் என்பதும் உண்மைதான்.

அதேபோல் 2020 மார்ச்சில் வாங்கிய பாதுகாப்பு உடைகள். 550 ரூபாய்க்குக் கிடைத்ததை ஒரு நிறுவனத்திடம் 1,550 ரூபாய்க்கு வாங்கியதால் 10 கோடிக்கு மேல் கூடுதல் செலவு என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கை சொன்னது. உயிரைக் காக்க, கிடைத்த விலைக்கு வாங்க வேண்டியிருந்த நேரம் அது என்பது அரசுத் தரப்பின் பதில். அவசரத்தில் கூட ரசீதும் ஒப்பீடும் வேண்டும் என்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பதில்.

2021 தேர்தலில் மட்டனூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்றார் டீச்சர். ஆனால் புதிய அமைச்சரவையில் அவருக்கு இடமில்லை. முதலமைச்சரைத் தவிர எல்லோரும் புதியவர்கள் என்று கட்சி முடிவு செய்தது. பலருக்கு வருத்தம். 2022-ல் மகசேசே விருது தேடி வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. கட்சிக்கு அந்த விருதின் பேரிலேயே ஆட்சேபம் இருந்தது. அதோடு, இது ஒருவர் செய்த வேலையல்ல என்பதும் அவர் சொன்ன காரணம்.

நமக்கு என்ன?

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் அரசு ஆஸ்பத்திரியின் ஆக்சிஜன் குழாயைப் பராமரிக்கப் போகிறோம். சிலர் ஜெனரேட்டர் ரூமில், சிலர் வென்டிலேட்டர் சர்வீசில், சிலர் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டி வேலையில். அமைச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நடுராத்திரி கரண்ட் போகும்போது ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் போவது உயிர்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. ஆனால் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, லேப் வேலை செய்கிறதா, பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதைப் பற்றி யாராவது கேட்கிறார்களா என்று இன்றைக்கே போய்ப் பார்க்க முடியும். சங்கமாகச் சேர்ந்து கேட்கவும் முடியும். நோய் இல்லாத நாளில் கேட்கிற கேள்விதான் நோய் வந்த நாளில் கட்டிலாகவும் ஆக்சிஜனாகவும் வந்து நிற்கும்.